ஈச்ச ஓலைச் சிலுவை

"யாரும்மா நீ? யாரு வேணும்?" என்று என் அப்பா கட்டின வீட்டு வாசலிலேயே நிறுத்தி என்னைக் கேட்டார்கள்.

1981ஆம் வருஷம், வைகாசி மாசக் கடைசி. அரியலூரிலிருந்து கீழப்பழுவூர் போகிற ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, துடைப்பமும் சாவியும் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனேன். வீட்டைக் கூட்டிக் கழுவிவிட்டு, ஒரு வாரத்தில் பிள்ளைகளோடு குடிவர வேண்டும் என்பது எண்ணம். போய்ப் பார்த்தால் வாசலில் பசு மாடு கட்டியிருக்கிறது. கொடியில் யாருடைய சேலையோ காய்கிறது. நான் போட்டுவிட்டுப் போன பூட்டைக் காணோம். உள்ளே அடுப்பு எரிகிற வாசனை.

வழி தவறி வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தேன். பிறந்து வளர்ந்த வீட்டுக்கு வழி தவறுமா!

கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்திருக்கவே இல்லை. பேர் துரைக்கண்ணு. லாரி புரோக்கர். என் சாவியைக் காட்டி, "இது எங்க வூடுங்க. எங்கப்பா கட்டினது" என்றேன்.

"உங்கப்பாரு எனக்கு வாய் வார்த்தையா வித்துட்டுத்தான் செத்தாரு. ஏழு வருசமா நான் குடியிருக்கேன். இன்னிக்கி வந்து வூடுங்கிற?"

"ஏழு வருசமா? குருத்தோலை ஞாயித்துக்கிழமை நான் வந்து கூட்டிப் பெருக்கிட்டுப் போனேனே! அப்ப நீ எங்க படுத்திருந்த, பொந்துக்குள்ளயா?"

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சபையில் எல்லாருக்கும் தெரியும். அந்த ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பொம்பளையாச்சேன்னு பாக்குறேன். போயிடு" என்றான். உள்ளே கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்று எட்டிப் பார்த்தாள். இடுப்பில் ஒரு குழந்தை. அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. என் வீட்டில் என் அம்மா நின்ற இடத்தில் அவள் நின்றாள். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

என் பேர் ஞானசுந்தரி. எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கினவர்கள். சொந்தமாக ஒரு முழம் மண் கிடையாது. என் அப்பாதான் சுண்ணாம்புக் கல் உடைக்கிற வேலைக்குப் போய், அந்தக் கையாலேயே இடம் வாங்கி, ஓட்டு வீடு கட்டினார். எங்கள் வம்சத்தில் பட்டா என்று ஒரு காகிதத்தைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் அவர்தான். அவருக்கு நான் ஒரே பெண். அம்மா முன்னாடியே போய்விட்டாள். அப்பாவும் போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது. நான் பெரம்பலூரில் இருந்தேன். என் வீட்டுக்காரர் அங்கே ஒரு ஆபீசில் அட்டெண்டர். குவார்ட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். நான் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். குறை என்று ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் மாசியில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

ஆள் போனால் குவார்ட்டர்ஸும் போகும். அது சட்டம். ஆபீசர் நல்ல மனுஷன், கொஞ்ச காலம் தவணை கொடுத்தார். "அதுக்குள்ள எங்கயாவது ஏற்பாடு பண்ணிக்கங்கம்மா" என்றார். "எங்கப்பா வூடு இருக்குங்க சார்" என்று நான் தலை நிமிர்ந்து சொல்லிவிட்டு வந்தேன். கிரேஸ், ஜெயா என்று எனக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அவர்கள் தலைக்கு மேல் இருக்கப் போகிற ஒரே கூரை அந்த வீடுதான். அந்தக் கூரைக்கு அடியில்தான் துரைக்கண்ணு கட்டில் போட்டிருந்தான்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு ஒரு பழக்கம். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் கொடுக்கிற ஓலையைச் சிலுவையாக முடைந்து கொண்டுவந்து, உள் வாசல்படிக்கு மேலே உத்தரத்துக்கும் சுவருக்கும் நடுவில் செருகி வைப்பார். பழையதை எடுத்து எரிக்கிறதுதான் மற்றவர்கள் வழக்கம். அப்பா எரிக்க விடமாட்டார். "இருக்கட்டும் புள்ள, அது பாட்டுக்கு இருக்கு. நம்மள என்ன சோறா கேக்குது?" என்பார். வருஷத்துக்கு ஒன்றாக அங்கே ஒரு கத்தை சேர்ந்துவிட்டது. அவர் போன பிறகும் நான் அதை விடவில்லை. வருஷா வருஷம் அந்த ஞாயிறு மட்டும் அரியலூர்க் கோயிலுக்கு வந்து ஆராதனை முடித்து, ஓலையோடு போய் வீட்டைத் திறந்து, கூட்டி, சிலுவையைச் செருகி, ஜெபம் பண்ணிவிட்டுப் பூட்டிக்கொண்டு பஸ் ஏறுவேன். 1981இலும் வந்தேன். தாலி இறங்கின கழுத்தோடு வந்தேன்.

அந்த வருஷம் பவனியில் ஒரு கூத்து நடந்தது. எப்போதும் தென்னை ஓலை கொடுக்கிற குடும்பத்துக்கும் சபைக் காரியம் பார்க்கிற மூப்பர் சாமிதாசுக்கும், பவனியில் யார் முன்னால் சிலுவை பிடித்துப் போகிறது என்று சண்டை. "ஓலை கிடையாது போ" என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வாலிபப் பையன்கள் ஓடைக் கரைக்குப் போய் ஈச்ச மட்டையை வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதன் நுனி முள்ளுப் போல இருக்கும். ஓசன்னா பாடிக்கொண்டே சபை முழுக்க ஊ, ஆ என்று கையை உதறிக்கொண்டு போனது. அத்தனை துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சண்டைக்காரச் சபை என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் அந்த ஈச்ச ஓலையை முடைந்தேன். பிறகு அதை மறந்தே போனேன்.

வாசலில் இருந்து விரட்டப்பட்ட அன்றே ஸ்டேஷனுக்குப் போனேன். ஏட்டய்யா எழுதி வாங்கிக்கொண்டார். துரைக்கண்ணுவையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் ஏழு வருஷக் கதையையே சொன்னான். "ரெண்டு பேரும் எங்க வூடுங்கறீங்க. இது சிவில் மேட்டரும்மா. கோர்ட்டுல போயி தீத்துக்கங்க" என்று அனுப்பிவிட்டார்கள். கோர்ட்டு என்றதும் பயந்துகொண்டு பெரம்பலூர் பஸ் ஏறிவிட்டேன்.

என் கொழுந்தனார் அந்தோணி, "அண்ணி, நீங்க உம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நாலு ஆளோட போயி ஓட்டப் பிரிச்சு எறிஞ்சிட்டு சாமான வெளிய தூக்கிப் போட்டுட்டு வரேன்" என்று குதித்தார். எனக்கும் அதுதான் ஆசை. உம் என்று சொல்ல வாய் வரை வந்தது. ஆனால் இருக்கிற ஒரே ஆண் துணை ஜெயிலுக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து நிறுத்தினேன்.

பிறகு மூப்பர் சாமிதாஸ் ஐயாவிடம் போனேன். அவர் என் அப்பாவோடு பழகினவர். நல்ல மனுஷர்தான். "கோர்ட்டுக் கச்சேரின்னு விசுவாசி படியேறக் கூடாது தங்கச்சி. நீ உபவாசம் இருந்து ஜெபம் பண்ணு. அவனே காலி பண்ணிட்டு ஓடுவான் பாரு" என்றார். அவர் சொன்னதை நம்பினேன். வெள்ளிக்கிழமை தோறும் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடந்தேன். ஆனி போயிற்று. ஆடி போயிற்று. ஆவணியும் போயிற்று. அவன் ஓடவில்லை. கொட்டகை போட்டு இன்னொரு மாடு வாங்கிக் கட்டியிருப்பதாகச் சேதி வந்தது.

என்ன ஜெபம் பண்ணினேன் என்று ஒளிக்காமல் சொல்கிறேன். "ஆண்டவரே, அவன் லாரி கவிழணும். அவன் கால் ஒடியணும். அந்தப் பொம்பள என் அடுப்புல பொங்குற சோறு அவ தொண்டையில சிக்கணும்." இப்படித்தான் ஜெபம் பண்ணினேன். முழங்காலில் நின்று, கண்ணை மூடி, பயபக்தியோடு!

குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லி இரண்டாம் தரமும் ஆள் வந்துவிட்டது. வாடகைக்கு வீடு தேடினேன். ஆம்பிளை இல்லாத வீடு, அதிலும் வயசுக்கு வந்த பெண்ணோடு, அதிலும் நாங்கள் என்ன ஆட்கள் என்று விசாரித்துவிட்டு, "வேற ஆளுக்குச் சொல்லிட்டோமே" என்றார்கள். ஒவ்வொரு தெருவிலும் அதே வார்த்தை. கடைசியாகக் கேட்ட வீட்டில், காலியாக இருந்த அறையிலேயே நின்றுகொண்டு அதைச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றடியில் போய் நின்றேன். தண்ணீர் இறைக்கப் போகவில்லை. குடம் கூட எடுத்துப் போகவில்லை. "ஆண்டவரே, நீர் இருக்கீரா இல்லையா? இருந்தா எனக்கு ஏன் பதில் சொல்ல மாட்டேங்கிறீர்? நான் உம்மகிட்ட மாளிகையா கேட்டேன்? எங்கப்பன் கல்லு ஒடச்சுக் கட்டின வூட்டைத்தானே கேட்டேன்!" என்று சத்தமாகவே கேட்டேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. கால் விளிம்பில் இருந்தது.

"அம்மா, சடை அவுந்துபோச்சு. பின்னி விடும்மா" என்று பின்னாலிருந்து ஜெயா கூப்பிட்டாள். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் திரும்பி வந்து படியில் உட்கார்ந்து அவளுக்குச் சடை பின்னினேன். கோணல் மாணலாக வந்தது. "என்னம்மா இப்படிப் பின்னிட்ட?" என்றாள். கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன்.

மறுநாள் காலையில் தைத்த ரவிக்கையை வாங்க மும்தாஜ் அக்கா வந்தார். ரகீம் வக்கீல் வீட்டம்மா. என்னிடம் வருஷக்கணக்காகத் துணி கொடுக்கிறவர். என் கண் வீங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, ரவிக்கையைக் கூடப் பிரித்துப் பார்க்காமல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அடி பைத்தியக்காரி! எங்க வூட்டுல ஒரு மனுசன் கருப்புக் கோட்டு மாட்டிக்கிட்டு அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் பஸ்ஸுல அலையறாரே, அவர் எதுக்கு இருக்காரு? இத்தினி நாளா வாயத் தொறக்கலியே நீ!" என்று திட்டினார். கையைப் பிடித்து அப்படியே இழுத்துக்கொண்டு போனார். பீஸுக்கு என்ன செய்வேன் என்று தயங்கினேன். "ஆயுசுக்கும் எனக்கு ரவிக்கை தைச்சுக் குடு, போ" என்றார்.

ரகீம் சார் முழுக்கக் கேட்டார். முதல் கேள்வி, "கடைசியா நீங்க அந்த வூட்டுக்குள்ள போனது எப்ப?"

"குருத்தோலை ஞாயிறு அன்னிக்குங்க சார். ஏப்ரல்ல."

அவர் காலண்டரைப் பார்த்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தீங்கன்னா ஒரு கதவு மூடியிருக்கும்" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அதை என்னைப் போன்ற நிலையில் இருக்கிற எல்லாருக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

பூட்டிக் கிடந்த வீட்டில் ஒருவன் புகுந்துவிட்டால், சொந்தக்காரர் என்றாலும் நாமே போய் அடித்துத் துரத்தக் கூடாது. "உங்க கொழுந்தனாரு ஓட்டப் பிரிச்சிருந்தா, இந்நேரம் அவரு குற்றவாளிக் கூண்டுல நின்னுக்கிட்டிருப்பாரு. அந்தத் துரைக்கண்ணு உங்க மேல வழக்குப் போட்டு ஜெயிச்சிருப்பான்" என்றார். வீடு யாருக்குச் சொந்தம் என்று பத்திரம், பட்டா எல்லாம் காட்டிப் போடுகிற வழக்கு ஒன்று. அதற்குப் பன்னிரண்டு வருஷம் வரை காலம் உண்டு. ஆனால் வழக்கு இழுத்துக்கொண்டே போகும். இன்னொரு வழி இருக்கிறது. வீடு என் சுவாதீனத்தில் இருந்தது, என் சம்மதம் இல்லாமல், சட்டப்படி இல்லாமல் பிடுங்கிக்கொண்டார்கள் என்று காட்டினால் போதும். யாருக்குச் சொந்தம் என்ற விசாரணைக்கே கோர்ட்டு போகாது, திருப்பிக் கொடு என்று சொல்லிவிடும். அதன் மேல் அப்பீலும் கிடையாது. ஆனால் பறிபோன ஆறு மாசத்துக்குள் போட்டாக வேண்டும்.

"பூட்டுப் போட்டு சாவி கையில வெச்சிருந்தாலே சுவாதீனம்தாம்மா. குடியிருந்திருக்கணும்னு இல்ல. ஜெபம் பண்ணுங்க, வேணாங்கல. நானும் அஞ்சு வேளை தொழுவுறவன்தான். ஆனா கோர்ட்டுக் கெடு யாருக்காகவும் நிக்காது."

அன்றைக்கே எனக்கு உறைத்தது. நான் கிணற்றடியில் கேட்ட கேள்விக்குப் பதில் மறுநாள் காலையில் ரவிக்கை வாங்க வந்திருக்கிறது. நான்தான் அது வானத்திலிருந்து வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

வழக்குப் போட்டாயிற்று. குவார்ட்டர்ஸையும் காலி பண்ணியாயிற்று. அரியலூர்க் கோயிலில் ஞாயிறு பள்ளி நடக்கிற அறையில் போதகர் இடம் கொடுத்தார். மிஷின், மூன்று தட்டு, ஒரு பெட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் பாயைச் சுருட்டி வைத்துவிட்டு வெளியே நிற்போம். மூப்பர் ஐயாவுக்கு நான் கோர்ட்டுக்குப் போனதில் வருத்தம். "பொறுமை இல்லியே தங்கச்சி" என்றார். "வேதத்துல விதவைங்க நியாயம் கேட்டுப் போகலியா ஐயா?" என்று கேட்டுவிட்டேன். அதோடு அவர் என்னிடம் பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

துரைக்கண்ணு பதில் போட்டான். ஏழு வருஷமாகத் தன் சுவாதீனம் என்றும், இந்தப் பெண் அந்த வீட்டுக்குள் காலே வைத்ததில்லை என்றும். அவனுக்குச் சாட்சி சொல்ல இரண்டு லாரிக்காரர்கள் தயார். எனக்குச் சாட்சி சொல்ல யாரும் இல்லை. வீடு ஒதுக்குப்புறம். வருஷத்தில் ஒரு நாள் நான் பஸ்ஸில் வந்து இறங்கிக் கூட்டிவிட்டுப் போனதை யார் பார்த்தார்கள்?

"குருத்தோலை ஞாயித்துக்குப் பெறகுதான் அவன் புகுந்தான்னு காட்டணும். அது ஒண்ணு போதும். ஆனா அது வேணும்" என்றார் ரகீம் சார். அவர் முகத்திலும் தெளிவு இல்லை. வீட்டைப் பார்த்து அறிக்கை கொடுக்க கோர்ட்டில் ஒரு கமிஷனரைப் போடச் சொல்லி மனுப் போட்டார். அன்று ராத்திரி என்னால் லாரி கவிழணும் என்று கூட ஜெபிக்க முடியவில்லை. பலம் இல்லை. "நீரே பாத்துக்கும்" என்றேன். அவ்வளவுதான் வார்த்தை வந்தது.

ஐப்பசி அடைமழைக்கு நடுவில் ஒரு நாள் கமிஷனர் வந்தார். சின்ன வயசு வக்கீல். குடையை மடக்கிக்கொண்டு வாசலில் ஏறினார். துரைக்கண்ணு வெளியே கொட்டகையையும் மாட்டையும் காட்டி, "பாருங்க சார், எத்தினி வருசக் கொட்டகை" என்று பீற்றிக்கொண்டிருந்தான். கமிஷனர் உள்ளே நுழைந்தார். பின்னால் ரகீம் சார், அந்த ஆளின் வக்கீல், கடைசியில் நான். என் வீட்டுக்குள் விருந்தாளி மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தேன்.

உள்ளே இருட்டு. உள் வாசல்படிக்குப் பக்கத்து மாடத்தில் மட்டும் ஒரு அகல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே, உத்தரத்தில், அப்பாவின் சிலுவைக் கத்தை அப்படியே இருந்தது. அதை எல்லாம் எப்போதோ அடுப்பில் போட்டிருப்பார்கள் என்றே நினைத்திருந்தேன்.

கமிஷனர் அண்ணாந்து பார்த்தார். குழந்தையோடு ஒதுங்கி நின்ற அந்தப் பெண்ணைக் கேட்டார். "இது என்னம்மா? நீங்க கிறிஸ்தவங்களா?"

"இல்லீங்க சார். எங்களுக்கு அங்காளம்மன்."

"அப்ப இது?"

"நாங்க வந்தப்பவே இருந்துச்சுங்க. அவரு பிச்சுப் போடச் சொன்னாரு. நான்தான் மாட்டேன்னுட்டேன். எந்தச் சாமியா இருந்தா என்னங்க, சாமி சாமிதானே? புள்ளகுட்டிய வெச்சிருக்கேன். அதான் தெனம் ஒரு வெளக்கு ஏத்தி, எங்கள ஒண்ணும் பண்ணிடாதேன்னு கும்புட்டுக்கறேன்."

"எல்லாமே இருந்துச்சா? இந்தா மேல இருக்கே, இதுவுமா?"

"ஆமாங்க. அதுதான் அப்ப பச்சையா இருந்துச்சு. இப்பதான் காஞ்சுபோச்சு."

அந்த ஆளின் வக்கீல் கண்ணை மூடிக்கொண்டார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கீழே இருந்ததெல்லாம் அகலமான தென்னை ஓலை, மக்கிப் பழுப்பேறினது. மேலே இருந்த ஒன்று மட்டும் ஒல்லியாக, முள் நுனியோடு இருந்தது.

"சார்! ரகீம் சார்! இது ஈச்ச ஓலை சார்! இந்த வருசம்தான் சார் எங்க கோயில்ல ஈச்ச ஓலை குடுத்தாங்க! சண்டை போட்டுக்கிட்டு தென்னை ஓலை இல்லேன்னுட்டாங்க சார்!" என்று நான் கத்தின கத்தலில் வெளியே மாடு மிரண்டது. கமிஷனர் எழுதிக்கொண்டார். துரைக்கண்ணு ஓடிவந்து பெண்சாதியைப் பார்த்தான். அவளுக்குத் தான் என்ன சொன்னோம் என்றே புரியவில்லை.

வழக்கு அதற்குப் பிறகும் வாய்தா வாய்தாவாகத் தள்ளிப் போயிற்று. அடுத்த குருத்தோலை ஞாயிறு வந்தபோது செருகி வைக்க வீடு இல்லாமல், சிலுவையை மிஷின் டிராயரில் போட்டு வைத்தேன். மூப்பர் சாமிதாஸ் ஐயாவுக்கும் கோர்ட்டுப் படி ஏற வேண்டி வந்தது! "1981இல் மட்டும் ஏன் ஈச்ச ஓலை?" என்று கேட்டார்கள். பவனியில் யார் முன்னால் போவது என்று சபையில் சண்டை என்பதை, கூண்டில் நின்று, முகம் சிவக்க அவர் வாயாலேயே சொன்னார். முன்சீப் ஐயா சிரிப்பை அடக்கினதை நான் பார்த்தேன். வெளியே வந்து, "தங்கச்சி, நான் சொன்னது தப்பு" என்றார் மூப்பர். சபைச் சண்டையைக் கூட வீணாக்காத தேவன் நம்முடையவர்.

அந்தப் பெண்ணையும் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள். அன்றுதான் அவள் பேர் பாக்கியம் என்று எனக்குத் தெரிந்தது. அவள் கன்னம் வீங்கியிருந்தது. மாற்றிச் சொல்லச் சொல்லி முந்தின ராத்திரி துரைக்கண்ணு அடித்திருக்கிறான். இத்தனை நாளும் அவளும் சேர்ந்துதான் என் வீட்டைப் பிடுங்கினாள் என்று நினைத்திருந்தேன். எங்கே கூட்டிப் போகிறான் என்று கூடச் சொல்லாமல் அவளைக் கொண்டுவந்து அங்கே இறக்கியிருக்கிறான் என்பது பிறகுதான் தெரிந்தது. மாற்றிச் சொல்லிவிடுவாள், அவ்வளவுதான் என்று நான் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கூண்டில் ஏறி என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"நான் வெளக்கேத்தின சாமிங்க அது. அது மேல பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது. நாங்க போனப்ப ஓலை பச்சையாத்தான் இருந்துச்சு" என்றாள்.

தீர்ப்பு எனக்குச் சாதகமாக வந்தது. 1983 மாசியில் தீர்ப்பை நிறைவேற்றுகிற கோர்ட்டு அமீனா போலீசோடு வந்து வீட்டைத் திறந்துகொடுத்தார். துரைக்கண்ணு முன்னாடியே மாடுகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பாக்கியத்தையும் குழந்தைகளையும் கூட்டிப் போகவில்லை. அவள் பானை சட்டியை எல்லாம் வாசலில் எடுத்து வைத்துவிட்டு, வீட்டைப் பெருக்கி, விளக்கை ஏற்றி வைத்திருந்தாள். "ஒண்ணையும் தொடலீங்கக்கா. எண்ணிப் பாத்துக்கங்க" என்றாள்.

நான் என்ன சொல்வேன்! இவள் தொண்டையில் சோறு சிக்க வேண்டும் என்று உபவாசம் இருந்தவள் நான். எவளை வெளியே தள்ளும் என்று அழுதேனோ, அவளையே எனக்காக உள்ளே வைத்திருந்தார் என் ஆண்டவர். நான் கேட்கிறதுக்கு முன்னாலேயே வைத்திருந்தார். என் சிலுவைக்கு நான் வருஷத்தில் ஒரு நாள் வந்தேன். அவள் தினமும் விளக்கேற்றினாள்.

அன்று இரவு அவளையும் பிள்ளைகளையும் அனுப்ப மனசு வரவில்லை. எல்லாரும் அந்த வீட்டிலேயே படுத்தோம். நான்தான் பொங்கினேன். மறுநாள் அந்தோணி அவர்களை உடையார்பாளையத்தில் அவள் அம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டு வந்தார். அவள் இப்போது அங்கே முந்திரிக் கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிறாள். கை எல்லாம் அந்தக் கொட்டையின் பால் பட்டுக் கறுத்துப் போயிருக்கிறது. அவளுக்கும் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்று ஜெபித்துக்கொண்டு வருகிறேன். அந்த ஜெபத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. வரும்.

இதை எழுதுகிற இந்த 1988இல் கிரேஸ் டீச்சராகிவிட்டாள். ஜெயாவுக்குச் சடை பின்ன இப்போது நான் தேவையில்லை. மிஷின் அப்பா வீட்டு ஜன்னலோரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மும்தாஜ் அக்காவுக்கு இன்னும் ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பூட்டின வீட்டைப் பறிகொடுத்துவிட்டு, போக்கிடம் இல்லாமல் இதைப் படிக்கிற என் சகோதரியே, சகோதரனே, அழுதுகொண்டே இருக்காதே. முழங்காலில் நில். எழுந்ததும் வக்கீல் வீட்டுக்கு நட. கெடு தாண்டிப் போக விடாதே. யாரையும் சபித்து ஜெபிக்காதே. உனக்கு வேண்டிய சாட்சியை அவர் யார் கையில் வைத்திருக்கிறார் என்று உனக்கு என்ன தெரியும்?

இப்போதெல்லாம் குருத்தோலை ஞாயிறு அன்று கோயிலில் நான் இரண்டு ஓலை கேட்டு வாங்குகிறேன். இரண்டையும் முடைகிறேன். ஒன்று என் வீட்டு உத்தரத்துக்கு. இன்னொன்றை எடுத்துக்கொண்டு உடையார்பாளையம் பஸ் ஏறுகிறேன்.